லூப் வைத்த முதல் ஆறு மாதம்: ஹார்மோன் லூப் பற்றிச் சொல்லாமல் விடுபவை

மூன்று வருடங்களுக்கு முன்னால், கரு தங்காமலிருக்கக் கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் லூப்பை வைத்துக்கொண்டு வீடு திரும்பிய அன்று, கையில் ஒரு சின்ன அட்டை கொடுத்தார்கள். வைத்த தேதியும் எடுக்க வேண்டிய வருடமும் அதில் இருந்தன. “99 சதவீதத்துக்கு மேல பாதுகாப்பு, அஞ்சு வருஷம் கவலையில்லை” என்று சொல்லி அனுப்பினார்கள். அது உண்மைதான். ஆனால் அடுத்த நாலு மாதம் உள்ளாடையில் டிகாக்‌ஷன் நிறத்தில் ஒரு கறை பட்டுக்கொண்டே இருக்கும் என்பதை யாரும் சொல்லவில்லை. நாற்பதாவது நாள், இது நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை, எடுத்துவிடலாம் என்று கிளம்பிப் போனேன். அன்று வேறொரு டாக்டர் இருந்தார். “இது எல்லாருக்கும் ஆரம்பத்துல வர்றதுதாம்மா. இன்னும் ரெண்டு மாசம் பாருங்க. அப்பவும் முடியலைன்னா வாங்க, எடுத்துடலாம்” என்றார்.

அந்த வார்த்தை முதல் நாளே கிடைத்திருந்தால் நாற்பது நாள் பயந்திருக்க மாட்டேன். என்னைப் போலவே பயந்துபோய் ஒரே மாதத்தில் எடுத்துவிட்டவர்களை எனக்குத் தெரியும். பொறுத்திருந்தும் ஒத்துக்கொள்ளாமல் எடுத்தவர்களையும் தெரியும். லூப் வேலை செய்யுமா என்ற கேள்விக்கு எங்கு கேட்டாலும் பதில் கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு வாழ்வது எப்படி இருக்கும் என்று கேட்டால்தான் பதில் கிடைப்பதில்லை. எனக்குத் தெரிந்த வரை அதை இங்கே எழுதுகிறேன்.

எந்த லூப்?

‘லூப்’ என்று நம் வீடுகளில் பொதுவாகச் சொல்கிறோம். அந்தச் சொல்லுக்கே அறுபது வருடக் கதை இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் ஜாக் லிப்பெஸ் 1960-களின் தொடக்கத்தில், நெளிநெளியாக வளைந்த பிளாஸ்டிக் சாதனம் ஒன்றைச் செய்தார். பெயர் லிப்பெஸ் லூப். இந்திய அரசு 1965-ல் அதைக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சேர்த்தது. ஊர் ஊராக முகாம் போட்டார்கள். இத்தனை பேருக்கு வைத்தாக வேண்டும் என்று இலக்கு வைத்து வேலை நடந்தது. வைத்த பிறகு ரத்தப்போக்கு அதிகமான பெண்களைத் திரும்பப் பார்க்க ஆள் இல்லை. சில வருடங்களிலேயே அதன் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. பாட்டிகள் இன்றைக்கும் லூப் என்றதும் முகம் சுளிக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. அவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் பட்டது உண்மை.

அமெரிக்காவிலும் ஒரு கசப்பான அனுபவம் உண்டு. லூப்பை எடுப்பதற்காகக் கருப்பை வாய் வழியாக ஒரு நூல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 1971-ல் விற்பனைக்கு வந்த டால்கன் ஷீல்டு என்ற சாதனத்தின் நூல் பல இழைகளை முறுக்கிச் செய்தது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அந்த நூல் கிருமிகளைக் கருப்பைக்குள் இழுத்துக்கொண்டு போனது. கடுமையான தொற்றுகள் வந்து, 1974-ல் அங்கே விற்பனை நின்றது. இப்போதைய லூப்களின் நூல் ஒற்றை இழை. அந்த வழி அடைபட்டுவிட்டது.

இப்போது நம் ஊரில் வைப்பது இரண்டு வகை. ஒன்று காப்பர்-டி. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைப்பது இதுதான். ‘டி’ வடிவப் பிளாஸ்டிக்கில் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். செம்பு விந்தணுவைச் செயலிழக்கச் செய்கிறது. ஹார்மோன் கிடையாது. 380ஏ என்ற வகை பத்து வருடம் தாங்கும். பல பெண்களுக்கு மாதவிடாயில் ரத்தப்போக்கும் வயிற்று வலியும் கூடும் என்பதுதான் இதன் குறை.

இன்னொன்று ஹார்மோன் லூப். மிரினா என்ற பெயரில் பலருக்கும் தெரியும். பொதுத்துறை நிறுவனமான எச்.எல்.எல். எமிலி என்ற பெயரில் ஒன்றை விற்கிறது. இதுவும் ‘டி’ வடிவம்தான். மிரினாவின் நீளமும் அகலமும் 32 மில்லிமீட்டர். நடுத்தண்டில் செம்புக்குப் பதில் ஒரு சின்ன உறை இருக்கும், அதற்குள் 52 மில்லிகிராம் லீவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன். தபானி லூக்கைனென் என்ற பின்லாந்து மருத்துவரின் பல வருட உழைப்பில் உருவானது இது. 1990-ல் முதலில் பின்லாந்தில்தான் விற்பனைக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

உள்ளே என்ன நடக்கிறது

அந்த உறையிலிருந்து தொடக்கத்தில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 மைக்ரோகிராம் ஹார்மோன் கசியும். போகப்போக அளவு குறையும். இது எவ்வளவு என்று புரிய ஒரு கணக்கு: அவசர கருத்தடை மாத்திரை ஒன்றில் இதே ஹார்மோன் 1.5 மில்லிகிராம் இருக்கிறது. அந்த ஒரே மாத்திரையின் அளவை லூப் எழுபத்தைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. அதிலும் பெரும்பகுதி கருப்பைக்குள்ளேயே வேலை செய்கிறது. ரத்தத்தில் கலப்பது குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறேன், இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. பின்னால் இதற்கு வருவோம்.

இந்த ஹார்மோனால் கருப்பை வாயில் இருக்கும் சளி போன்ற திரவம் கெட்டியாகிறது. விந்தணு அதைத் தாண்டி உள்ளே போக முடியாது. கருப்பையின் உள்படலமும் மெலிந்துவிடுகிறது. பெரும்பாலான பெண்களுக்குக் கருமுட்டை வழக்கம்போல மாதாமாதம் வெளியாகிக்கொண்டுதான் இருக்கும். சினைப்பை தூங்கிப்போவதில்லை.

எவ்வளவு நம்பலாம்? ஆயிரம் பெண்கள் ஒரு வருடம் ஹார்மோன் லூப் வைத்திருந்தால் சுமார் 2 பேருக்குக் கரு தங்கும். காப்பர்-டியில் சுமார் 8. தினசரி மாத்திரையில், மறந்துபோகும் நாட்களையும் சேர்த்து, சுமார் 70. ஆணுறையில் 130 வரை. பெண்கள் செய்துகொள்ளும் கருத்தடை ஆபரேஷனில் சுமார் 5. அதாவது இது ஆபரேஷனுக்குச் சமமாக நிற்கும் ஒரு முறை. வேண்டாம் என்றால் எடுத்தும்விடலாம்.

தமிழ்நாட்டில் இது ஏன் முக்கியம் என்றால், 2019–21-ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே மணமான பெண்களில் ஏறக்குறைய 58 சதவீதம் பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். இந்தியா முழுக்கப் பார்த்தால் அது 38 சதவீதம்தான். இரண்டாவது குழந்தை பிறந்ததும் ‘ஆபரேஷன் பண்ணியாச்சா?’ என்று கேட்பது நம் ஊரில் சாதாரணம். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் திரும்பாத ஒரு முடிவை எடுக்கும் பெண்ணிடம், திரும்பக்கூடிய வழியும் உண்டு என்று ஒரு தடவையாவது சொல்ல வேண்டாமா?

“அழுக்கெல்லாம் உள்ளதான தங்கும்?”

இந்தக் கேள்வியை என் அம்மா கேட்டார். பத்து மாதம் கழித்து எனக்கு மாதவிடாய் நின்றுபோனபோது கேட்டார். “ஏண்டி, நாள் வரலைன்னா அந்த அழுக்கு ரத்தமெல்லாம் எங்க போகும்? வயித்துலதான தங்கும்?” என்று. அம்மாவை மட்டும் சொல்ல முடியாது. பி.எச்டி. முடித்த என் தோழி, இரண்டு முறை ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகும் இதையே கேட்டாள். ஹார்மோன் லூப் வைத்த தமிழ்ப் பெண்களின் பயங்களில் இதுதான் முதலாவது என்று நினைக்கிறேன். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மாதவிடாய் ரத்தம் உடம்பின் கழிவு அல்ல. உடம்பில் எங்கேயோ சேர்ந்த அழுக்கு மாதம் ஒருமுறை இறங்கி வருவதும் அல்ல. ஒவ்வொரு மாதமும், கரு வந்தால் தங்கட்டும் என்று கருப்பையின் உள்படலம் தடித்து வளர்கிறது. விருந்தாளி வருவார் என்று மெத்தை விரித்து வைப்பதுபோல. கரு வரவில்லை என்றால் அந்தப் படலம் உதிர்ந்து ரத்தத்தோடு வெளியே வருகிறது. அதுதான் மாதவிடாய்.

ஹார்மோன் லூப் அந்தப் படலத்தை வளரவிடாமல் மெலிதாகவே வைக்கிறது. மெத்தையே விரிக்கவில்லை என்றால் சுருட்டி எடுக்க என்ன இருக்கிறது? உதிர்வதற்கு ஒன்றும் இல்லாததால் ரத்தம் வருவதில்லை. உள்ளே எதுவும் தேங்கவும் இல்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் அந்தப் படலம் ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். முட்டை வெளியாவது நிற்காததால் மார்பு கனப்பது, எரிச்சல் வருவது போன்ற மாதாந்திர அறிகுறிகள்கூடச் சிலருக்குத் தொடரும். இது மெனோபாஸ் இல்லை. லூப்பை எடுத்தால் மாதவிடாய் திரும்பி வந்துவிடும்.

ஒரு வருடம் முடியும்போது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மாதவிடாய் முழுவதுமாக நின்றிருக்கும். மற்றவர்களுக்கு ஒன்றிரண்டு நாள் லேசாக வரும். இதை அனுபவிக்கும் விதம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதையும் பார்த்திருக்கிறேன். துணிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்யும் ஒரு பெண், “அக்கா, எனக்கு விடுதலை கிடைச்ச மாதிரி இருக்கு” என்றாள். இன்னொருவருக்கு, மாதாமாதம் ரத்தத்தைப் பார்த்தால்தான் கரு தங்கவில்லை என்று மனசு ஆறும். அது நின்றதும் ஒவ்வொரு மாதமும் கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் காப்பர்-டிக்கு மாறினார். இரண்டு பேர் முடிவும் சரியானதுதான்.

வைக்கும் அன்று

வலிக்குமா? வலிக்கும். எவ்வளவு என்பது ஆளைப் பொறுத்தது. சுகப்பிரசவம் ஆனவர்களுக்குப் பொதுவாகக் குறைவு. குழந்தை பெறாதவர்களுக்கும், சிசேரியன் மட்டுமே ஆனவர்களுக்கும் கூடுதலாக இருக்கலாம்.

முறை இதுதான். முதலில் கையால் சோதித்து கருப்பை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்துப் பிறப்புறுப்பை விரித்துக் கருப்பை வாயைச் சுத்தம் செய்வார்கள். கருப்பை அசையாமல் இருக்க அதன் வாயை இடுக்கி போன்ற கருவியால் பிடிப்பார்கள். இங்கே ஒரு சுருக். ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டுக் கருப்பையின் ஆழத்தை அளப்பார்கள். இங்கே மாதவிடாய் வலியைப் போல, சிலருக்குப் பிரசவ வலியின் சாயலில், அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். அப்புறம் மெல்லிய குழாயில் மடித்து வைத்த லூப்பை உள்ளே விட்டு விரியவிடுவார்கள். மறுபடி ஒரு இழுப்பு. நூலை வெட்டிவிட்டால் முடிந்தது. எல்லாம் சேர்த்து ஐந்து, பத்து நிமிடம். சிலருக்குத் தலைசுற்றும், வேர்க்கும். உடனே எழுந்திருக்காமல் படுத்திருப்பது நல்லது. வெறும் வயிற்றோடு போகாதீர்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். பஸ்ஸில் தனியாகத் திரும்பி வருவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

“பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா?” என்று எனக்கு வைக்கும்போது ஒரு நர்ஸம்மா கேட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கும் அப்படித்தான் யாரோ சொல்லியிருப்பார்கள். ஆனால் பெண்ணின் வலியைப் பேச்சால் அமுக்கும் இந்தப் பழக்கம் மாற வேண்டும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், லூப் வைப்பதற்கு முன் வலியைப் பற்றிப் பெண்ணிடம் பேசி, அதைக் குறைக்க என்ன செய்யலாம் என்று சேர்ந்து முடிவு செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கருப்பை வாயில் மரத்துப்போக வைக்கும் லிடோகெய்ன் ஊசியோ ஜெல்லோ உதவலாம் என்றும் சொல்கிறது. நீங்களும் கேளுங்கள். “டாக்டர், வலி குறைக்க என்ன கொடுப்பீங்க?” என்று கேட்பதில் ஒரு தவறும் இல்லை. “நிறுத்துங்க” என்று சொன்னால் நிறுத்த வேண்டும் என்பதையும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளலாம்.

மாதவிடாய் தொடங்கிய ஏழு நாளுக்குள் வைத்தால் பாதுகாப்பு அன்றே தொடங்கிவிடும். வேறு நாளில் வைத்தால் முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்வார்கள், ஒரு வாரம் ஆணுறையும் பயன்படுத்தச் சொல்வார்கள்.

அந்த ஆறு மாதம்

சரி, முதலில் சொன்ன இடத்துக்கு வருவோம்.

கருப்பையின் உள்படலம் ஒரே நாளில் மெலிவதில்லை. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மெலியும். அந்த நாட்களில் அது ஒழுங்கில்லாமல் அங்கங்கே உதிரும். அதனால்தான் சொட்டுச் சொட்டாகப் படும் கறை, எப்போது வரும் எப்போது நிற்கும் என்று தெரியாத மாதவிடாய். மூன்று முதல் ஆறு மாதம் வரை இது இருக்கலாம். ரத்தத்தின் மொத்த அளவு குறைவுதான். ஆனால் நாட்கள் அதிகம்.

மருத்துவப் புத்தகம் இதை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விடும். நம் வீட்டில் அது ஒரு வரியோடு முடிவதில்லை. தீட்டு பார்க்கும் வீட்டில் இருபது நாள் கறை பட்டால் இருபது நாளும் பூஜை அறைக்குள் போக முடியாது. மாமியார் கேட்பார், நாத்தனார் கேட்பார். கோயில் திருவிழா, சீமந்தம், கிரகப்பிரவேசம் எல்லாவற்றுக்கும் என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டியிருக்கும். நோன்பு மாதத்தில் இது மாதவிடாயா இல்லையா என்று தெரியாமல் தவித்த ஒரு முஸ்லிம் தோழி எனக்கு உண்டு. கணவரோடு இருப்பதும் தள்ளித் தள்ளிப் போகும். கருத்தடைக்காக வைத்தது, கடைசியில் தாம்பத்தியமே இல்லாமல் போய்விட்டதே என்று ஒருவர் என்னிடம் அழுதார். அவருக்கு ஐந்தாவது மாதம் எல்லாம் சரியானது. முன்பே தெரிந்திருந்தால் தை மாதக் கல்யாணங்கள் முடிந்த பிறகு வைத்திருப்பேன் என்றார். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். இப்படித் திட்டமிட முடிந்தவர்கள்தான் நிம்மதியாகத் தொடர்கிறார்கள் என்பது நான் கண்டது.

நான் செய்தது: ஒரு காலண்டரில் கறை பட்ட நாட்களைச் சிவப்பு மையால் வட்டம் போட்டேன். முதல் மாதம் 22 வட்டம். இரண்டாவது மாதம் 19. நாலாவது மாதம் 8. குறைகிறது என்பது கண்ணால் தெரிந்தபோது பொறுமை தானாக வந்தது.

கறை தவிர மற்றவையும் உண்டு. முதல் சில வாரங்களில் அடிவயிற்றில் இழுத்துப் பிடிக்கும் வலி, முகத்தில் பரு, மார்பு கனம், தலைவலி. சிலருக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி தெரியும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானே கரைந்துவிடும். இது பி.சி.ஓ.டி. என்ற ஹார்மோன் கோளாறு இல்லை, அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

மனநிலை மாற்றம் பற்றி நான் கவனமாகவே எழுத விரும்புகிறேன். ‘ஹார்மோன் கருப்பைக்குள்தானே இருக்கிறது, மனசுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்’ என்று சில பெண்களிடம் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ரத்தத்தில் கலப்பது குறைவுதான், ஆனால் கலக்கிறது. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருக்குச் சோர்வும் அழுகையும் வருகின்றன, உறவில் நாட்டம் குறைகிறது. முன்பே மனச்சோர்வுக்கு மருந்து எடுத்தவர்கள் அதை டாக்டரிடம் சொல்லிவிட்டு வைத்துக்கொள்வது நல்லது. வைத்த பிறகு மனசு மாறினால், அது உங்கள் கற்பனை என்று யார் சொன்னாலும் நம்பிவிட வேண்டாம். எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றால் எடுத்துப் பார்க்கலாம்.

மார்பகப் புற்றுநோய் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2024-ல் வெளிவந்த டென்மார்க் ஆய்வு ஒன்றில், ஐந்து வருடம் வரை இதைப் பயன்படுத்தியவர்களில் பத்தாயிரம் பேருக்குச் சுமார் 14 பேர் கூடுதலாக மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானார்கள். சின்ன எண்தான். ஆனால் அம்மாவுக்கோ அக்காவுக்கோ அந்த நோய் வந்திருந்தால் இதைப் பேசிவிட்டு முடிவெடுங்கள். தனக்கே வந்திருந்தால் இந்த லூப் கூடாது. கருப்பையில் தொற்று இருக்கும்போதும், காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருக்கும்போதும், நார்க்கட்டியால் கருப்பையின் உள்வடிவம் மாறியிருந்தாலும் வைக்க மாட்டார்கள்.

அதிக ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கு

நான் வைத்துக்கொண்டதற்குக் கருத்தடை பாதிக் காரணம்தான். மறுபாதி, மாதம் எட்டு நாள் ரத்தம் கொட்டியது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட், கட்டிகட்டியாக வரும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஹீமோகுளோபின் 8-க்கு இறங்கியிருந்தது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ரத்தசோகை உள்ளவர்கள். அவர்களில் பலர், எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதானே என்று இதைச் சுமந்துகொண்டே நடமாடுகிறார்கள்.

ஹார்மோன் லூப் வைத்த பிறகு மாதவிடாய் ரத்தத்தின் அளவு சில மாதங்களில் 90 சதவீதம் வரை குறையலாம். பிரிட்டனில் அதிக ரத்தப்போக்கு உள்ள 571 பெண்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2013-ல் வந்தது. அதில் பாதிப் பேருக்கு மாத்திரைகள், மறுபாதிக்கு ஹார்மோன் லூப். எத்தனை மில்லிலிட்டர் ரத்தம் என்று மட்டும் பார்க்கவில்லை. வீட்டு வேலை, அலுவலகம், குடும்ப வாழ்க்கை இவை எவ்வளவு கெட்டன என்று பெண்களையே கேட்டார்கள். இரு தரப்பாரும் முன்னைவிட நன்றாக இருந்தார்கள். லூப் வைத்தவர்களுக்குக் கூடுதல் முன்னேற்றம். இரண்டு வருட முடிவில் லூப் தரப்பில் 64 சதவீதம் பேர் அதைத் தொடர்ந்தார்கள், மாத்திரைத் தரப்பில் 38 சதவீதம் பேர்தான். மூன்றில் ஒருவருக்கு லூப்பும் ஒத்துவரவில்லை என்பதையும் இந்த எண் சொல்கிறது.

நாற்பது வயதில் ரத்தப்போக்கு என்று போனால் ‘குழந்தைகள் பெத்தாச்சு, கர்ப்பப்பையை எடுத்துடலாம்’ என்று நம் ஊரில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பின்லாந்தில் இதே நிலையில் இருந்த 236 பெண்களில் ஒரு பாதிக்குக் கருப்பையை எடுத்தார்கள், மறுபாதிக்கு ஹார்மோன் லூப் வைத்தார்கள். ஐந்து வருடம் கழித்து, லூப் வைத்தவர்களில் 42 சதவீதம் பேர் கடைசியில் ஆபரேஷனுக்கே போயிருந்தார்கள். மற்றவர்கள் ஆபரேஷன் இல்லாமலேயே தப்பித்தார்கள். இரு தரப்பாரின் வாழ்க்கைத் தரத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. பத்தில் ஆறு பேருக்குக் கத்தி வைக்காமல் தப்ப வழி உண்டு என்றால், கருப்பையை எடுக்கும் முன் அந்த வழியைக் கேட்டுப் பார்க்க வேண்டும். என் பெரியம்மாவிடம் இதை யாரும் சொல்லவில்லை. அவருக்கு முப்பத்தெட்டு வயதில் எடுத்துவிட்டார்கள்.

எப்போது ஓட வேண்டும்

நூறு பேரில் மூன்று முதல் ஆறு பேருக்கு லூப் தானாக நழுவி வெளியே வந்துவிடலாம், பெரும்பாலும் முதல் வருடத்தில். அதனால்தான் மாதம் ஒருமுறை விரலால் நூலைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். நூல் தட்டுப்படவில்லை என்றாலோ, கெட்டியான பிளாஸ்டிக் முனை தட்டுப்பட்டாலோ போய்க் காட்டுங்கள், அதுவரை ஆணுறை பயன்படுத்துங்கள். கணவருக்கு நூல் குத்துகிறது என்றால் டாக்டரிடம் சொன்னால் சரிசெய்வார். நீங்களாகக் கத்தரிக்க வேண்டாம், இழுக்கவும் வேண்டாம்.

ஆயிரத்தில் ஒருவருக்கு, வைக்கும்போது கருப்பைச் சுவரில் துளை விழலாம். பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு இந்த வாய்ப்பு கூடுதல். வைக்கக் கூடாது என்பதில்லை, கை தேர்ந்தவரிடம் வைத்துக்கொள்ள வேண்டும்.

காய்ச்சலோடு அடிவயிற்று வலி, நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல் இருந்தால் தொற்றாக இருக்கலாம். முதல் மூன்று வாரம் இதில் கவனம் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது: ஹார்மோன் லூப்போடு கரு தங்குவது மிக அபூர்வம். ஆனால் தங்கினால், அதில் பாதி வரை கருக்குழாயில் தங்கியதாக இருக்கக்கூடும். அது உயிருக்கு ஆபத்து. பரிசோதனை அட்டையில் இரண்டு கோடு வந்தாலோ, ஒரு பக்க அடிவயிறு விடாமல் வலித்து மயக்கம் வந்தாலோ, இரவு என்றாலும் மருத்துவமனைக்குப் போங்கள். உள்ளே லூப் இருக்கிறது என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

பால்வினை நோய்களிலிருந்து லூப் காப்பாற்றாது. அதற்கு ஆணுறைதான்.

வைப்பதும் எடுப்பதும் யார் முடிவு

பிரசவ மேசையில் மயக்கமும் வலியுமாகக் கிடக்கும்போது, கேட்காமலேயே காப்பர்-டி வைத்துவிட்டார்கள், வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது என்று சொன்ன பெண்களை நான் சந்தித்திருக்கிறேன். எடுக்கப் போனால் ‘இப்பதான வெச்சோம்’, ‘வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா’ என்று திருப்பி அனுப்பியதையும் கேட்டிருக்கிறேன். லூப் நல்ல முறை என்று நம்புகிற எனக்கு, இதைக் கேட்கும்போதுதான் அதிகக் கோபம் வருகிறது. 1965-ல் நடந்ததும் இதுதான். கேட்காமல் வைத்த லூப்பை எந்தப் பெண்ணும் தனதென்று நினைக்க மாட்டாள்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் 9,256 பெண்களுக்கு எல்லாக் கருத்தடை முறைகளையும் விளக்கி, எதைத் தேர்ந்தெடுத்தாலும் இலவசம் என்று ஒரு ஆய்வு நடந்தது. ஹார்மோன் லூப் வைத்துக்கொண்டவர்களில் ஒரு வருடம் கழித்தும் தொடர்ந்தவர்கள் 88 சதவீதம். விளக்கமாகச் சொல்லி, அவரே தேர்ந்தெடுத்தால் பெண் தொடர்கிறார். இங்கே இலவசம் என்ற பாதி இல்லை. தனியாரிடம் லூப்பும் வைக்கும் கட்டணமும் சேர்ந்து பல ஆயிரம் ரூபாய் ஆகிவிடுகிறது. ரத்தசோகையோடு இருக்கும் பெண்ணுக்குத்தான் இது அதிகம் தேவை, அவருக்குத்தான் இது எட்டவில்லை.

எடுப்பது எளிது. ஸ்பெகுலம் வைத்து நூலை இடுக்கியால் பிடித்து இழுத்தால், ‘டி’யின் இரண்டு கைகளும் மடங்கி வெளியே வந்துவிடும். சில நொடி வேலை. குழந்தை வேண்டும் என்று எடுப்பவர்களில் பத்தில் எட்டுப் பேர் ஒரு வருடத்துக்குள் கர்ப்பமாகிறார்கள். குழந்தை வேண்டாம் என்றால், எடுப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே வேறு பாதுகாப்பு வேண்டும்.

எத்தனை வருடம் வைத்திருக்கலாம் என்பதில் கொஞ்சம் குழப்பம் வரலாம். நம் ஊரில் பெரும்பாலும் ஐந்து வருடம் என்று எழுதித் தருகிறார்கள். அமெரிக்காவில் 2022-ல் மிரினாவைக் கருத்தடைக்கு எட்டு வருடம் வரை வைத்திருக்கலாம் என்று அனுமதித்தார்கள். உங்களுக்கு வைத்தது எந்த வகை என்று தெரிந்தால்தான் இதைப் பேச முடியும். அதனால் அந்த அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள். என்னுடையது ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று என் கணவருக்கும் அம்மாவுக்கும் தெரியும்.